'சிவப்பு மருந்து' இதயத்தைக் கெடுக்குமா?
டாக்டரிடம் கேளுங்கள்

போன இதழில் கீமோ சிகிச்சை பற்றி ஒரு வாசகிக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதயத்தைப் பற்றித்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். நான் இதய மருத்துவன், புற்றுநோய் மருத்துவன் இல்லை. கீமோவுக்கு முன்னும் பின்னும் எக்கோ (இதயத்துக்கு எடுக்கிற ஸ்கேன்) எடுக்க அனுப்பப்படுகிறவர்களை வருஷக்கணக்காகப் பார்த்துவருகிறேன். அந்த அளவுக்குத்தான் இங்கே பேசுகிறேன்.

என் அம்மாவுக்கு 54 வயது. இடது மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து முதல் கீமோ போட்டார்கள். மருந்து ரோஸ்மில்க் மாதிரி சிவப்பாக இருந்தது. அன்று ராத்திரி சிறுநீரும் சிவப்பாகப் போக, ரத்தம் என்று நினைத்து வீடே அலறிவிட்டது. கையெழுத்து வாங்கிய தாளில் 'இதயம் பலவீனமாகலாம்' என்று போட்டிருக்கிறது. சித்தப்பா, "கேன்சர்ல தப்பிச்சு ஹார்ட் அட்டாக்ல போகணுமா?" என்கிறார். மீதி மூன்று ஊசியை நிறுத்திவிடலாமா?
– வாசகி, மன்னார்குடி

வேண்டாம் அம்மா, நிறுத்தாதீர்கள். முதலில் அந்தச் சிறுநீர் விஷயம். அது ரத்தம் இல்லை, மருந்தின் நிறம். ஒன்றிரண்டு நாள் அப்படிப் போய்த் தெளிந்துவிடும். அதற்கு மேலும் சிவப்பாகவே போனாலோ எரிச்சல் இருந்தாலோ சொல்லுங்கள்.

அந்த மருந்தின் பெயர் டாக்ஸோரூபிசின். 1950களில் இத்தாலியின் தெற்கே ஒரு பழைய கோட்டையின் பக்கத்தில் எடுத்த மண்ணில், சிவப்புச் சாயம் விடுகிற ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அதிலிருந்து முதலில் டானோரூபிசின் வந்தது, அப்புறம் அதன் தம்பியாக டாக்ஸோரூபிசின். அமெரிக்காவில் 1974இல் அனுமதி கிடைத்தது. ஐம்பது வருஷம் கழித்தும் இதைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்றால் காரணம் ஒன்றுதான்: வேலை செய்கிறது. மார்பகம், நிணநீர்க் கட்டி, குழந்தைகளின் எலும்புக் கட்டி என்று பலவற்றில் இன்றும் முன்வரிசை மருந்து.

அது இதயத்தை என்ன செய்கிறது? செல் பிரியும்போது டி.என்.ஏ. முறுக்கை அவிழ்த்துவிட ஒரு நொதி உண்டு. மருந்து அந்த நொதியைப் பிடித்து நிறுத்துகிறது, டி.என்.ஏ. அறுகிறது, புற்றுச் செல் சாகிறது. அதே நொதியின் இன்னொரு வகை இதயத் தசைச் செல்லிலும் இருக்கிறது. அங்கேயும் மருந்து கை வைக்கிறது. செல்லுக்குச் சக்தி தருகிற மைட்டோகாண்ட்ரியாவும் கெடுகிறது. குடல், முடி எல்லாம் புதுச் செல்லைத் தயாரித்துக்கொள்ளும். கொட்டிய முடி அதனால்தான் திரும்ப வளர்கிறது. இதயத் தசை அப்படி இல்லை. போன செல் போனதுதான். ஆகவே இங்கே ஒரு ஊசியின் அளவை விட வாழ்நாள் முழுக்க ஏறிய மொத்த அளவுதான் முக்கியம்.

உங்கள் சித்தப்பா பயப்படுவது மாரடைப்புக்கு. அது குழாய் அடைத்துக்கொள்வது. இந்த மருந்தால் வருவது வேறு: குழாய் நன்றாகவே இருக்கும், ரத்தத்தைத் தள்ளுகிற தசை தளர்ந்துபோகும். எல்லோருக்கும் வருவதும் இல்லை. 1979இல் வந்த ஒரு பெரிய ஆய்வுக் கணக்கு இப்படி: உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மி.கி. ஏறியவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கு இதயம் செயலிழந்தது. 550இல் 7 பேர், 700இல் 18 பேர். 2003இல் இன்னும் கவனமாகக் கணக்கெடுத்தபோது 550இலேயே 26 பேர் வரை வந்தது. அதனால்தான் இப்போதெல்லாம் 450 தாண்டினாலே டாக்டர்கள் யோசிக்கிறார்கள்.

உங்கள் அம்மாவுக்கு வருவோம். மார்பகத்துக்கு வழக்கமாகப் போடுவது ஒரு தடவைக்கு சதுர மீட்டருக்கு 60 மி.கி., மொத்தம் நாலு தடவை. நாலு அறுபது 240. எல்லையின் பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். ஃபைலில் '90 மி.கி.' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். அம்மாவின் உடல் பரப்பு ஒன்றரை சதுர மீட்டர் என்றால் 60 என்பது 90 ஆகும். கூட்டும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பத்திரிகையில் 450 என்று படித்துவிட்டு மி.கி.யை அப்படியே கூட்டி, "எல்லை வந்துவிட்டது டாக்டர்" என்று அழுதுகொண்டு வருகிறவர்கள் உண்டு.

240இல் ஆபத்து குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. 65 வயதுக்கு மேல், கட்டுக்குள் இல்லாத பிரஷர், சர்க்கரை, ஏற்கெனவே இதய நோய், முன்பே மார்பில் கதிர் சிகிச்சை: இவை இருந்தால் கூடும். அம்மாவுக்குப் பிரஷர் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதைச் சரியாக வைப்பதுதான் இப்போது நீங்கள் அவருடைய இதயத்துக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி. கீமோ நடக்கிறதே என்று பிரஷர் மாத்திரையை ஓரமாக வைத்துவிடுகிறவர்கள் அதிகம்.

அப்புறம் எக்கோ. தொடங்கும் முன் ஒன்று எடுத்திருப்பார்கள். சிவப்பு மருந்து முடிந்த பிறகு ஒன்று, ஒரு வருஷம் கழித்து ஒன்று கேட்டு வாங்குங்கள். இத்தாலியில் 2,600க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 2015இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இதயம் தளர்ந்தவர்களில் 98 சதவீதம் பேருக்கு அது முதல் ஒரு வருஷத்துக்குள்ளேயே எக்கோவில் தெரிந்துவிட்டது. உடனே மாத்திரை தொடங்கியதில் பெரும்பாலானவர்களுக்கு ஓரளவாவது தேறியது. முழுக்கப் பழைய நிலைக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இதை மறைப்பதில் அர்த்தமில்லை. அதனால்தான் சீக்கிரம் பார்க்கச் சொல்கிறேன்.

ஒரு வேலை சொல்கிறேன், செய்யுங்கள். ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் ஸ்கேன், பில், மருந்துச் சீட்டு எல்லாம் கலந்து கிடக்கும், தெரியும் எனக்கு. ஒரு அட்டையில் மருந்தின் பெயர், தேதி, அளவு, அன்றைய எடை, எக்கோ ரிப்போர்ட்டில் ஈ.எஃப். (இதயம் ரத்தத்தைத் தள்ளுகிற சதவீதம்) எவ்வளவு என்று மட்டும் எழுதி மேலே வையுங்கள். பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டருக்கு அந்த ஒரு அட்டை போதும்.

எனக்கு 47 வயது, பள்ளி ஆசிரியை. ஹெர்-2 வகை மார்பகப் புற்றுநோய். கீமோ முடிந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை ட்ராஸ்டுஸுமாப் ஊசி. ஈ.எஃப். 61 இருந்தது, இப்போது 46. ஊசியை நிறுத்திவைத்திருக்கிறார்கள். நோய் திரும்பிவிடுமோ என்று தூக்கம் இல்லை. இரண்டு மாத்திரை எழுதித் தந்தார்கள். மருந்துக் கடைத் தம்பி, "இது பிரஷர் மாத்திரை மேடம்" என்றான். எனக்குப் பிரஷரே கிடையாது. அதனால் போடவில்லை.
– வாசகி, விருதுநகர்

டீச்சர், இன்றைக்கே மாத்திரையைத் தொடங்குங்கள். மருந்துக் கடைத் தம்பி சொன்னது பொய் இல்லை, பாதி உண்மை. எனலாப்ரில், கார்வெடிலால் போன்றவை பிரஷருக்கும் கொடுக்கப்படுகின்றன, தளர்ந்த இதயத்தைத் தூக்கி நிறுத்தவும் கொடுக்கப்படுகின்றன. உங்களுக்கு இரண்டாவது காரணம். எழுந்திருக்கும்போது தலை கிறுகிறுத்தால் அளவைக் குறைத்துத் தருவார்கள், நீங்களாக நிறுத்தக் கூடாது. எனலாப்ரிலால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். அப்படி வந்தால் சொல்லுங்கள், மாற்று இருக்கிறது.

ட்ராஸ்டுஸுமாப் சிவப்பு மருந்து மாதிரி இதயச் செல்லைக் கொல்வதில்லை. ஹெர்-2 என்கிற அந்தப் புரதம் புற்றுச் செல்லில் அளவுக்கு மீறி இருக்கிறது, இதயத் தசையிலும் கொஞ்சம் இருக்கிறது. அங்கே அது தசை தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ள உதவுகிற புரதம். ஊசி அதையும் அடைத்துவிடுவதால் தசை சோர்கிறது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் தேறிவிடும். ஆரம்பத்தில் இதையும் சிவப்பு மருந்தையும் ஒன்றாகவே கொடுத்துப் பார்த்தார்கள். 2001இல் வெளியான ஆய்வில் அப்படிக் கொடுத்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு இதயம் தளர்ந்தது. அதிலிருந்துதான் ஒன்று முடிந்தபின் ஒன்று என்று முறையை மாற்றினார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ என்கிற வழக்கமும் அதனால்தான்.

ஈ.எஃப். என்பது, நிரம்பியிருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. யாருக்கும் நூறு வராது. 55க்கு மேல் இருந்தால் நல்ல இதயம். உங்களுக்கு 15 புள்ளி இறங்கி 50க்குக் கீழே போயிருக்கிறது, இது நிஜமான இறக்கம். ஆனால் 60 இருந்தவருக்கு 56 வந்தால் அது பெரும்பாலும் அளப்பவரின் கை வித்தியாசம். இரண்டு பேர் அளந்தால் நாலைந்து புள்ளி முன்னே பின்னே வரும். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே மெஷினில் எடுங்கள். இதயத் தசை எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்கிற 'ஸ்ட்ரெயின்' என்று ஒரு அளவும் இப்போது எடுக்கிறார்கள். ஈ.எஃப். விழுவதற்கு முன்பே அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஊசி திரும்பத் தொடங்குமா? மூச்சு வாங்கல் எதுவும் இல்லாமல் ஈ.எஃப். 40க்கும் 49க்கும் நடுவில் இருந்தால், இதய மாத்திரையோடு அடிக்கடி எக்கோ பார்த்துக்கொண்டு ஊசியைத் தொடரலாம் என்று ஐரோப்பிய இதய மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது. உங்கள் டாக்டர் நிறுத்திப் பார்ப்பதும் தவறில்லை. இரண்டு டாக்டரும் ஒரு தடவை போனில் பேசிக்கொள்ளட்டும், அதை நீங்களே கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள்.

அப்பாவுக்கு 61 வயது, குடல் புற்றுநோய். கேப்சிடபின் மாத்திரை, 14 நாள் சாப்பிட்டு 7 நாள் விடுமுறை. மூன்றாம் நாள் ராத்திரி நெஞ்சு அழுத்தி வியர்த்தது. கேஸ் என்று சோடா குடித்தார், ஓமத்தண்ணீர் குடித்தார், அரை மணியில் சரியாகிவிட்டது. மறுநாளும் அதேபோல் வந்தது. உள்ளூரில் எடுத்த ஈ.சி.ஜி. நார்மல். இப்போதும் மாத்திரை சாப்பிடுகிறார். பயப்பட ஒன்றும் இல்லையே?
– வாசகர், பல்லடம்

தம்பி, இதைப் படிக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்று கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இந்த மாத்திரை உடம்புக்குள் போய் 5-ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தாக மாறுகிறது. அது சிலருக்கு இதயத்தின் ரத்தக் குழாயைத் திடீரென்று சுருக்கிப் பிடித்துவிடும். பிடித்திருக்கும்வரை வலிக்கும், விட்டதும் போய்விடும். வலி போன பிறகு ஈ.சி.ஜி. எடுத்தால் அது நார்மலாகத்தான் இருக்கும்! அதை வைத்து ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. முதல் சுற்றில், முதல் சில நாட்களிலேயே வருவதுதான் இதன் வழக்கம். முன்பு இதய நோயே இல்லாதவருக்கும் வரும். பிடி விடாமல் போனால் அது மாரடைப்புதான், துடிப்பும் தாறுமாறாகலாம்.

ஆகவே இந்த மாத்திரையோ இதே மருந்தின் டிரிப்ஸோ போய்க்கொண்டிருக்கும்போது நெஞ்சு அழுத்தினால் அடுத்த மாத்திரையை விழுங்காதீர்கள். 108க்குப் போன் செய்து அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் முதல் வாக்கியமாக, "கேப்சிடபின் சாப்பிடுகிறார்" என்று சொல்லுங்கள். ராத்திரி டியூட்டியில் இருக்கும் இளம் டாக்டருக்கு ஃபைலைப் புரட்ட நேரம் இருக்காது. தேறிய பிறகு அதே மாத்திரையைத் தானாகத் திரும்பத் தொடங்குவது இன்னும் ஆபத்து. குடல் புற்றுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன, புற்றுநோய் டாக்டர் மாற்றித் தருவார்.

ஓமத்தண்ணீரில் எனக்கு விரோதம் இல்லை. நெஞ்சு வலிக்கு அது மருந்து இல்லை.

கீமோ முடிந்து எட்டு மாதம் ஆகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கேட்டால் எல்லோரும், "கீமோ போட்டா அப்படித்தான் இருக்கும், உடம்பு தேற நாளாகும்" என்கிறார்கள். எது சாதாரணச் சோர்வு, எது இதயம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, தூத்துக்குடி

'கீமோ போட்டா அப்படித்தான்' என்ற வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அதைச் சொல்கிறவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அதனால் தாமதமாக வருகிறவர்கள் கொஞ்ச நஞ்சம் இல்லை.

நான் முதலில் கேட்பது: எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? ஒன்றில் படுத்தவர் இரண்டு, மூன்று என்று உயர்த்திக்கொண்டே போனால், அல்லது நாற்காலியில் சாய்ந்தால்தான் தூக்கம் வருகிறது என்றால், அது சோர்வு இல்லை. படுத்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது, உட்கார்ந்தால் இறங்குகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டி எழுந்து ஜன்னலைத் திறப்பது, படுத்தால் மட்டும் வருகிற இருமல், சாயங்காலம் கொலுசு பதிந்த தடம் காலில் அப்படியே நிற்பது, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறுவது: இதில் எது இருந்தாலும் அந்த வாரமே எக்கோ. கால் வீக்கம் ஒரே காலில் மட்டும், வலியோடு இருந்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். அதற்கு வாரம் கூடக் காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும்.

ரத்தசோகையாலும் தைராய்டாலும் மூச்சு வாங்கலாம். அதனால் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எக்கோ எடுக்கிறார்கள். வரிசை நீளம், அதனால் காலையிலேயே போங்கள்.

13 வயதில் எனக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். ஆறு சுற்று கீமோவும், கழுத்திலும் மார்பிலும் கதிர் சிகிச்சையும் கொடுத்தார்கள். இப்போது 27. திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? பழைய கதையை அவரிடம் சொல்லியே ஆக வேண்டுமா? அம்மா வேண்டாம் என்கிறார்.
– வாசகி, நாமக்கல்

திருமண வாழ்த்துகள். நீங்கள் ஜெயித்து வந்தவர், முதலில் அதை நினைவில் வையுங்கள்.

ஹாட்ஜ்கினுக்குப் பரவலாகக் கொடுக்கிற கீமோவில் சிவப்பு மருந்து சுற்றுக்கு இரண்டு தடவை, தடவைக்கு சதுர மீட்டருக்கு 25 மி.கி. ஆறு சுற்று என்றால் 300. உங்களுக்கு அதே முறைதானா என்று பழைய ஃபைலில் பாருங்கள். ஃபைல் இல்லை என்றால் சிகிச்சை எடுத்த இடத்தின் ரெக்கார்டு செக்‌ஷனில் மனு கொடுத்து டிஸ்சார்ஜ் சம்மரி கேளுங்கள். சிறுவயதில் 250க்கு மேல் ஏறியவர்களை அதிக ஆபத்துப் பிரிவில் வைத்து, இரண்டு வருஷத்துக்கு ஒரு எக்கோ வாழ்நாள் முழுக்கப் பார்க்கச் சொல்கிறார்கள். உங்களுக்கு மார்பில் கதிரும் சேர்ந்திருக்கிறது. கதிர் பட்ட இதயக் குழாயும் வால்வும் பத்து, இருபது வருஷம் கழித்துப் பிரச்சினை தரலாம். அதே காரணத்துக்காக மார்பகப் பரிசோதனையையும் மற்ற பெண்களைப் போல நாற்பது வயதுவரை தள்ளிப்போடாமல் இப்போதே தொடங்க வேண்டும்.

குழந்தை பெற்றுக்கொள்ளலாம். ஆனால் கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது, அவ்வளவையும் இதயம்தான் தள்ள வேண்டும். அதனால் கர்ப்பம் தரிக்கும் முன்பே ஒரு எக்கோ. நன்றாக இருந்தால் தைரியமாகப் போங்கள், முதல் மூன்று மாதத்தில் இன்னொன்று. ஈ.எஃப். குறைவாக இருந்து எனலாப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அது கருவுக்கு ஆகாது, முன்கூட்டியே மாற்றியாக வேண்டும்.

சொல்ல வேண்டுமா என்பதற்கு மருத்துவப் பதில் இல்லை, என் அபிப்பிராயம்தான் இருக்கிறது. சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டு மொத்தப் பேருக்கும் வேண்டாம், அவருக்கு மட்டும் போதும். பிரசவ அறை வாசலில் நின்றுகொண்டு, "முன்பு ஏதாவது சிகிச்சை உண்டா?" என்று டாக்டர் அவரைக் கேட்கும்போது அவர் விழிக்கக் கூடாது. அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எக்கோ எடுக்கப் போவதைக் கூட இருப்பவரிடம் எத்தனை நாள் மறைப்பீர்கள்?

மருதம்பட்டைக் கஷாயம் இதயத்துக்கு நல்லது என்கிறார்கள். கீமோவோடு சேர்த்துக் குடிக்கலாமா?
– வாசகர், திருவையாறு

கீமோ நடக்கும்போது வேண்டாம். கீமோவிலிருந்து இதயத்தைக் காக்கும் என்று நம்பிக் கொடுக்கிற அளவுக்கு ஆதாரம் இல்லை. ஈரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே மருந்தைக் கையாண்டு களைத்திருக்கும் நேரம் அது. பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் பிரஷர் அதிகமாக இறங்கலாம். ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் முள்சீதா இலைக்கும் இதே பதில்.

இடது மார்பில் கதிர் கொடுக்கும்போது மூச்சைப் பிடிக்கச் சொல்கிறார்கள். எதற்கு?
– வாசகி, சேலம்

ஆழமாக மூச்சை இழுத்துப் பிடித்தால் நுரையீரல் உப்பி, மார்புச் சுவருக்கும் இதயத்துக்கும் நடுவில் இடைவெளி கூடும். இதயம் கதிரின் பாதையை விட்டு விலகிக்கொள்ளும். இருபது வினாடி அளவுக்குப் பிடிக்கத் தெரிந்தால் போதும், வீட்டில் பழகிக்கொண்டு போங்கள். வலது மார்பு என்றால் பெரும்பாலும் இது தேவைப்படாது.

கீமோ நடக்கும்போது வாக்கிங் போகலாமா? இதயத்துக்குச் சிரமம் ஆகாதா?
– வாசகர், ஈரோடு

போகலாம், போகத்தான் வேண்டும். நாள் முழுக்கப் படுத்திருந்தால் தசையோடு இதயமும் சேர்ந்து சோம்பிவிடும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு திக்கினால் குறையுங்கள். காய்ச்சல் அடிக்கும் நாளில் வாக்கிங் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெள்ளணு குறைந்திருக்கும் வாரத்தில் பூங்காக் கூட்டத்தைத் தவிர்த்து மொட்டை மாடியிலேயே நடந்துகொள்ளுங்கள்.